ஒரு லட்சம்தானா?

2020 மார்ச் கடைசி வாரம். நாடு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தோனியைப் பற்றி ஒரு செய்தி சுற்றியது. புனேயில் தினக்கூலிக் குடும்பங்களுக்கு மளிகைச் சாமான் கொடுக்க முகுல் மாதவ் அறக்கட்டளை இணையத்தில் பணம் திரட்டியது. அதற்குத் தோனி ஒரு லட்ச ரூபாய் கொடுத்திருக்கிறார் என்றது செய்தி. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டார்கள். எண்ணூறு கோடி சொத்து வைத்திருப்பவன் ஒரு லட்சம்தானா? சச்சின் 50 லட்சம், ரெய்னா 52 லட்சம், இவர் மட்டும் ஒன்றா? அதுவரை 'தல' என்று தலையில் வைத்து ஆடியவர்களே கஞ்சன் என்றார்கள். அவர் மனைவி சாக்ஷி, இப்படிப்பட்ட நேரத்தில் பொய்ச் செய்தி போடுவதை நிறுத்துங்கள் என்று பத்திரிகைகளைக் கோபமாகக் கேட்டுக்கொண்டார். அதையும் கிண்டல் செய்தார்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஐ.பி.எல். தொடங்கும்போதெல்லாம் சர்வதீர்த்தக் குளக்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் யாராவது இந்தக் கதையைக் கிளப்பாமல் இருப்பதில்லை. நடந்துகொண்டே பதில் சொல்ல என் மூச்சு இடம் கொடுப்பதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். செய்தி சரியா, தொகை அவ்வளவுதானா என்ற ஆராய்ச்சிக்கே நான் போகவில்லை. ஒரு லட்சம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன?

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எந்தத் தலைப்பில் கட்டுரை எழுதினாலும் முதலில் 'தேஸ்', பிறகு 'ஆந்தித்தேஸ்', கடைசியில் இரண்டையும் சமாதானப்படுத்தும் 'சேந்தேஸ்' என்று மூன்று பகுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாத்தியார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்று அந்தச் சமாதானப் பகுதி கிடையாது, வாசகர்கள் மன்னிக்கவும்.

முதலில், கேட்பவர் யார் என்பதைப் பார்ப்போம். அரசு அலுவலகத்தில் என் சர்வீஸில் பாதி சம்பளப் பட்டியல் போடும் செக்‌ஷனில் போயிற்று. புயல், வெள்ளம் என்று வந்தால் ஊழியர்களின் ஒரு நாள் சம்பளத்தை நிவாரண நிதிக்குப் பிடிப்போம். விருப்பம் இல்லாதவர்கள் எழுதிக் கொடுத்துவிடலாம். அதில் தப்பே கிடையாது, அவரவர் கஷ்டம் அவரவருக்கு. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். "பெரிய அதிகாரி எவ்வளவு சார் கொடுத்தாரு? அவர் சம்பளத்துக்கு இது தூசு இல்லையா?" என்று என் மேஜைக்கு வந்து விசாரித்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் கடிதம் அந்த விருப்பமில்லாதோர் ஃபைலில் இருந்தது. கொடுத்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அடுத்தவன் கொடுத்ததில் சதவீதம் போடுவதும் தானே கொடுத்த மாதிரி ஒரு திருப்தியைத் தருகிறது போலிருக்கிறது.

பள்ளியில் லா ஃபொந்தேன் கதைகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். மாவு மில்காரன், அவன் மகன், கழுதை என்று ஒரு கதை. நம் ஊரிலும் அதைச் சொல்வோம். அப்பன் ஏறினாலும் குற்றம், மகன் ஏறினாலும் குற்றம், இருவரும் ஏறினால் கழுதை பாவம், யாரும் ஏறாவிட்டால் முட்டாள்கள். விளையாட்டு வீரர்களின் நிலைமை அதேதான். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. அதிலிருந்து 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சின்ன வயதில் பஸ் ஏறி கால் போன பையன். அம்மா காய்கறி விற்று வளர்த்த குடும்பம். அவரையும் விட்டார்களா? "முதல்ல வீடு வாசல்னு பாக்காம, பிழைக்கத் தெரியாதவன்" என்று என் காதுபடப் பேசினார்கள். பணக்காரன் குறைவாகக் கொடுத்தால் கஞ்சன். ஏழை அதிகமாகக் கொடுத்தால் அசடு. அப்படியென்றால் எந்தத் தொகைதான் சரியான தொகை? யாராவது ஒரு அரசாணை போட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அடுத்த குற்றச்சாட்டு, யாருக்குக் கொடுத்தான் என்பது. அதே 2020-ல் யுவராஜ் சிங்கும் ஹர்பஜன் சிங்கும் பாகிஸ்தானில் ஷாஹித் அஃப்ரிடியின் அறக்கட்டளை செய்துவந்த நிவாரணத்துக்கு உதவும்படி கேட்டுக்கொண்டார்கள். தேசத்துரோகி என்பதற்குக் குறைந்து யாரும் திட்டவில்லை. சொந்த நாட்டில் பட்டினி கிடக்கும்போது அந்நியனுக்கா என்றார்கள். சில நாட்களில் யுவராஜ் பி.எம்.கேர்ஸ் நிதிக்கு 50 லட்சம் கொடுப்பதாக அறிவித்தார். ஹர்பஜன் ஜலந்தரில் ஐயாயிரம் குடும்பங்களுக்கு மளிகை கொடுப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு வசவு நின்றதா என்றால் இல்லை. மே மாதம் அஃப்ரிடி காஷ்மீரைப் பற்றி ஏதோ பேச, இருவரும் இனி இந்த ஆளோடு சங்காத்தமே வேண்டாம் என்று விலகினார்கள். "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே" என்று எதிர்த்தவர்கள் குதித்தார்கள். ஐயா, ஏப்ரலில் ஒரு குழந்தை சாப்பிட்ட ரொட்டி, மே மாதம் அஃப்ரிடி வாயைத் திறந்ததால் வயிற்றிலிருந்து வெளியே வந்துவிடுமா?

இதே நாம் மறு வருஷம் என்ன செய்தோம்? 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் இல்லாமல் நம் ஆஸ்பத்திரி வாசல்களில் ஜனங்கள் துடித்தபோது, ஆஸ்திரேலியாக்காரர் பாட் கம்மின்ஸ் 50,000 டாலர் கொடுப்பதாக அறிவித்தார். பிறகு அதை யுனிசெஃப் வழியாகச் செலுத்தினார். "உன் ஊரில் ஏழை இல்லையா, எங்களுக்கு எதற்கு?" என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வர வாழ்த்தினோம். வாழ்த்திய கையோடு அவர் பெயரைச் சொல்லி நம் வீரர்களை அடிக்கவும் செய்தோம். வாங்கும்போது மனிதநேயம், கொடுக்கும்போது எல்லைக்கோடு. நான் படித்த பள்ளியில் சகோதரத்துவம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே 'வரவுக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததாக ஞாபகம் இல்லை.

எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலுக்கு வருபவர்கள் சிற்பங்களைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே மண்டபத் தூண் ஒன்றில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வாதாபியைப் பல்லவர்கள் கொளுத்தி நூறு வருஷம் ஆனபின் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்தான். பழி தீர்க்க எல்லா நியாயமும் அவனுக்கு இருந்தது. ஆனால் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் சுவாமிக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது கல்வெட்டு. எதிரி ஊர், எதிரி கட்டிய கோயில். இந்தக் காலமாக இருந்தால் வாதாபியில் அவன் தலை தப்பியிருக்காது.

"அவனும் விளம்பரத்துக்காகத்தானே கல்லில் வெட்டி வைத்தான்?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், விளம்பரம்தான். வெட்டாமல் போயிருந்தால் ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து நீங்களும் நானும் இதைப் பேசிக்கொண்டிருப்போமா? டியூப் லைட் முழுக்க உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கும் ஊர் நம்முடையது. மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதி, அது சுற்றும்போது படிக்க முடியவில்லை என்று நிறுத்தி வைத்தவர்களும் உண்டு. இதையெல்லாம் சகித்துக்கொண்டு கும்பிட்டு வருகிறவர்களுக்கு, ஒரு கிரிக்கெட்காரன் ட்விட்டரில் இரண்டு வரி போட்டால் மட்டும் இடது கைக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும் என்ற வேதாந்தம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு வாதம் இருக்கிறது, அதை மட்டும் நான் மதிக்கிறேன். பசித்தவனுக்குச் சோறு போடுவது சர்க்காரின் கடமை, ஆட்டக்காரனின் தயவு எதற்கு என்பது. நெசவாளிக்கு வேண்டியது கூலி, அரிசிப் பை இல்லை. முழு உண்மை. அப்படியானால் சர்க்காரிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற கால்பந்து வீரர் அதைத்தான் செய்தார். பள்ளி விடுமுறையிலும் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு வேண்டும் என்று 2020-ல் அரசாங்கத்தை மல்லுக்கட்டி இறங்கி வர வைத்தார். அடுத்த வருஷம் யூரோ கோப்பை இறுதியில் அவர் பெனால்டியைத் தவறவிட்டதும் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர், அரசியல் பண்ணிய நேரத்தில் ஆட்டத்தைப் பழகியிருக்கலாம் என்ற பொருளில் சக எம்.பி.க்களுக்குச் செய்தி அனுப்பி, அது வெளியே வந்து, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆக, பணமாகக் கொடுத்தாலும் குற்றம், கொடுக்க வேண்டியவரைத் தட்டிக் கேட்டாலும் குற்றம். கழுதையைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

இந்தப் பேச்சால் தோனிக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. நஷ்டம் வேறு இடத்தில். 2020 ஊரடங்கில் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் அடியோடு நின்றது. கல்யாணங்கள் தள்ளிப்போயின, முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் இல்லை, பாவு போட்டது போட்டபடி கிடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டு வியாபாரி, பெரிய புள்ளி எல்லாம் இல்லை, இரண்டு தெருவுக்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்தார். வாங்கியவர்களில் அவருக்கு நெய்யாதவர்களும் இருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், வாங்கிப் போகிறவர்கள் காதில் விழும்படியே சொன்னார்கள்: "ஒத்தப் புடவையில சம்பாதிக்கிற காசு, இத்தனை வருஷம் கூலியில அடிச்சதைத் திருப்பிக் குடுக்கறாரு." கூலியில் அடித்தாரா என்பது வேறு வழக்கு, அதைக் கேட்கச் சங்கம் இருக்கிறது, லேபர் ஆபீஸ் இருக்கிறது, அங்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறு வருஷம் மே மாதம் மறுபடி ஊரடங்கு வந்தது. அந்த ஆள் கதவைத் திறக்கவில்லை. "எதுக்கு சார், குடுத்துட்டுப் பேச்சு வாங்கணும்?" என்றார். திண்ணைக்காரர்களுக்கு அதனால் ஒரு வேளைச் சோறும் குறையவில்லை. குறைந்தது யாருக்கு என்று அந்த இரண்டு தெருவில் போய்க் கேளுங்கள்.

நெசவு என்றதும் நடராஜன் ஞாபகம் வருகிறது. சின்னப்பம்பட்டிக்காரர், அப்பா தறிக்கூலி. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவர். சம்பாத்தியம் வந்ததும் ஊரிலேயே ஒரு மைதானம் போட்டார், 2023-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். தறிக்குழியில் கால் வைத்துப் பிறந்த முகம் தெரியாத பையன்கள் அங்கே பந்து போடுவார்கள். அந்த மைதானம் அவர் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை.

அப்படியென்றால் ஆட்டக்காரனை எதற்குமே கேட்கக்கூடாதா என்றால், கேட்க வேண்டும், நன்றாகக் கேட்க வேண்டும். அவன் கொடுப்பது அவன் பணம், அவன் பாடு. ஆனால் அவன் விற்பது நம் வீட்டுக்குள் வருகிறது. 2018-ல் தோனி 'ட்ரீம் 11' நிறுவனத்தின் விளம்பர முகம் ஆனார். காசு கட்டி, கற்பனையில் அணி சேர்த்து ஆடும் ஆட்டமாக அது அப்போது இருந்தது. மற்ற பிரபலங்கள் வேறு வேறு செயலிகளை விற்றார்கள். ரம்மியில் பணத்தை விட்டுத் தூக்கில் தொங்கிய செய்திகள் தமிழ்நாட்டில் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தன. 2020 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இப்படிப்பட்ட ஆன்லைன் விளையாட்டுகளை விளம்பரப்படுத்தியதற்காக கோலி, கங்குலி முதலியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மார்ச் மாதம் ஒரு லட்சத்துக்காகத் தெருவில் இறங்கிய கூட்டம் நவம்பரில் எங்கே போனது? தறிக்கூலி வாங்கிய அன்றே ஃபோனில் அதைத் தொலைத்துவிட்டு அம்மாவிடம் பொய் சொன்ன பையன்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அந்தப் பையன்களுக்கு அதைச் சிபாரிசு செய்தது டி.வி.யில் அவர்கள் கும்பிட்ட முகங்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. அதுவரை ஏழு ஐ.பி.எல். சீசனுக்கு மேல் ஓவருக்கு ஓவர் அந்த விளம்பரங்கள் ஓடின. நீதிமன்றம் கேட்டது, சில தாய்மார்கள் கேட்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவராவது, "தல, இதை ஏன் எங்கள் பிள்ளைகளிடம் விற்கிறாய்?" என்று கேட்டதை நான் பார்க்கவில்லை.