விடுதியா, வெளியில் வீடா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் புறப்படும் வீடுகளில், எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு விடை கிடைத்த மறுநாளே அடுத்த கேள்வி எழுகிறது: தங்குவது எங்கே? நாகபுரியில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதற்கு ஆராயாமலே ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. விடுதி என்றால் பத்திரம். வெளியே வீடு எடுத்தால் பிள்ளை கெட்டுவிடும். நான் கல்லூரிப் படி ஏறாதவன். மெட்ரிக் தேறி நேரே ரயில்வேக்கு வந்த எழுத்தன். ஆயினும் திருமணத்துக்கு முன் ஏழாண்டுக் காலம் மூவரோடு ஓர் அறையில் பொங்கித் தின்றவன். சென்ற ஆண்டு என் தமக்கை மகனுக்காகத் தில்லியில் வீடு தேடி மூன்று நாள் அலைந்தவன். அந்த அளவில் இதைப்பற்றி எழுத எனக்கும் சிறிது உரிமை உண்டு.

முதலில் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். 1951-இல் காரக்பூரில் தோன்றிய ஐ.ஐ.டி. போன்ற நிலையங்கள் தொடக்கத்திலிருந்தே மாணாக்கர் உள்ளேயே தங்கும்படி அமைந்தவை. தில்லிப் பல்கலைக்கழகம் அத்தகையதன்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 70,000 பேர் இளங்கலை வகுப்புகளில் சேரக்கூடிய அவ்விடத்தில், பல கல்லூரிகளுக்கு விடுதியே கிடையாது. உள்ளவற்றிலும் இடங்கள் சொற்பம். 2022 முதல் நாடு முழுவதற்குமான பொது நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுவதால், எந்தக் கல்லூரி என்பது வகுப்புத் தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் உறுதியாகிறது. அந்நாட்களில் விஜய் நகர், கமலா நகர், ஹட்சன் லேன் தெருக்களில் தரகர்களின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் காண வேண்டும்!

என் மருமகனுக்கு முதலாண்டில் விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் ஆண்டு அதை விட்டுவிட்டு, உடன் படிக்கும் இருவரோடு வீடு எடுக்க விரும்பினான். தமக்கைக்குத் தூக்கம் போயிற்று. "நீ போய்ப் பார்த்துச் சொல், தம்பி" என்றாள்.

அங்கே போன பிறகுதான் வெளியில் தங்குவது இரு வகை என்பது தெரிந்தது. ஒன்று, பி.ஜி. என்று அவர்கள் சொல்லும் தனியார் தங்கும் இல்லம். கட்டில், சாப்பாடு, இணைய வசதி எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ஒரு தொகை. மற்றொன்று, நண்பர்கள் கூடித் தாமே எடுக்கும் வீடு. முதல் வகையின்மேல் எனக்கு மதிப்பு ஏற்படவில்லை. விடுதியின் கட்டுப்பாடுகள் அனைத்தும் அங்கே உண்டு. தவறு நேர்ந்தால் போய்க் கேட்பதற்குக் கல்லூரி முதல்வரோ காப்பாளரோ இல்லை. இத்தகைய இல்லங்களுக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்ற குழப்பம் மட்டும் தீர்ந்தது. ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும் தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமலும் தங்கினால் வரி இல்லை என 2024 ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் முடிவு செய்தது. இன்னமும் வரி என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்பவரிடம் இதை நினைவூட்டலாம்.

வீட்டின் கணக்கு வேறு. விஜய் நகரில் நாங்கள் பார்த்த இரண்டறை வீட்டுக்கு வாடகை 27,000. மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு 9,000 என்றதும் மலிவாகவே தோன்றும். ஆனால் முதல் நாளில் எடுத்து வைக்க வேண்டியது அதுவன்று. முதல் மாத வாடகை 27,000, முன்பணம் 27,000, தரகருக்கு அரை மாதம் 13,500, ஆக 67,500. ஆளுக்கு 22,500 ரூபாய் கையில் இருந்தால்தான் சாவி கைக்கு வரும். அப்புறம் அடுப்பு, பாத்திரம், மெத்தை. மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் வைத்திருக்கும் உள்மீட்டரில் அலகுக்கு அவர் சொன்னதே விலை. கோடையில் மூவரும் ஊருக்குப் போய்விட்டாலும் வாடகை நிற்காது. விடுதியைவிட வெளியே சிக்கனம் என்று சொல்லும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினானானால் பாதிப் பரீட்சையில் தேறிவிட்டான் எனக் கொள்ளலாம்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கே எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்க நேர்ந்த வழக்கம் இது. தில்லியின் 1958-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளைத் தொடுவதில்லை. ஆதலால் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே பிள்ளைக்குக் காவல். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், மூவரில் ஒருவர் நடுவில் போய்விட்டால் அவர் பங்கை யார் கொடுப்பது, இவ்விரண்டையும் எழுதாமல் கையெழுத்திடலாகாது. நான் பிரமசாரியாக இருந்த அறையிலிருந்து ஒருவர் மாதம் பதினைந்தாம் தேதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் தரவேண்டிய பங்கு இன்றளவும் வந்தபாடில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஜன்னலையும் குளியலறையையும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மாடிப்படியை. 2023 செப்டம்பரில் முகர்ஜி நகரில் பெண்கள் தங்கியிருந்த ஒரு தனியார் இல்லத்தில் தீப்பிடித்தது. படியருகே இருந்த மீட்டர் பலகையில் தொடங்கிய தீ அது என்று தெரிவித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களைத் தீயணைப்புப் படையினர் உயிரோடு மீட்டது நற்பேறு. ஒரே படி, அதன் அடியில் மீட்டர்கள், அவற்றை ஒட்டி நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள்: இந்த அமைப்பை நான் மூன்று நாளில் எட்டுக் கட்டிடங்களில் கண்டேன். எட்டையும் வேண்டாம் என்றேன். தரகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

இவையெல்லாம் புறத்தே உள்ளவை. உள்ளபடியே ஆராய வேண்டியது வேறொன்று. விடுதி என்பது அறை மட்டுமன்று. நாம் அறியாமலே அது சில வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. வேளைக்குச் சோறு போடுகிறது, தண்ணீர் ஏற்றுகிறது, கதவைப் பூட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவன் இரண்டு வேளை சாப்பிட வராவிட்டால் யாரேனும் "எங்கே அவன்?" என்று கேட்கிறார்கள். வெளியே போகும் பிள்ளை வாடகைக்கு எடுப்பது நான்கு சுவரை மட்டுமன்று. இவ்வேலைகளையும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். முதல் மூன்றும் பழகினால் வந்துவிடும். நான்காவதுதான் என் தமக்கையின் தூக்கத்தைக் கெடுத்தது. அவள் அஞ்சியதில் தவறில்லை.

விடுதியில் எப்போதும் ஒருவர் கேட்கிறார் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசு விடுதிக்குள்ளேயே கொலையுண்டதை நம் தாய்மார் மறந்தாரல்லர். அதன் பின்னரே 1997-இல் தமிழ்நாடு பகடிவதைக்குத் தடைச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதி செய்தது 2009-இல். கதவு பூட்டியிருந்தால் உள்ளே அனைத்தும் நலம் என்பது பூட்டைப்பற்றிய நம்பிக்கையே தவிர மனிதரைப்பற்றியதன்று.

மருமகனுக்கு வீடு அமைந்த மூன்றாம் மாதம் டெங்குக் காய்ச்சல் கண்டது. உடனிருந்தவர்களில் ஒருவன் பீகாரில் தர்பங்காவைச் சேர்ந்தவன், மற்றவன் மணிப்பூர்க்காரன். இருவரும் முறை போட்டு இரவில் விழித்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவை நாள்தோறும் எனக்குக் கைப்பேசியில் அனுப்பியவன் மணிப்பூர்ப் பையன்தான். கஞ்சி வைக்கத் தெரியாத தர்பங்காப் பையன், தமக்கை தொலைபேசியில் இந்தியும் தமிழும் கலந்து சொல்லச் சொல்ல, மிளகு ரசம் வைத்தான். எப்படி இருந்தது என்று பின்னர்க் கேட்டேன். "அது ரசம் இல்லை, மாமா, ஆனால் குடித்தேன்" என்றான் மருமகன். இதைக் கொண்டு வெளி வீடே மேல் என்று நான் வாதிடவில்லை. வேறு இருவராக இருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அதனால்தான் வீட்டைப் பார்க்குமுன் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டும் என்கிறேன். முதலாண்டு விடுதி வாழ்வின் பெரும்பயன், யாரோடு ஒரு வீட்டில் இருக்கலாம் என்பதை அது காட்டிக்கொடுப்பதே.

இனிப் பெண் பிள்ளைகள். மகன் வெளியே வீடு எடுத்தால் கணக்குக் கேட்கும் தகப்பனார், மகள் கேட்டால் கணக்கே கேட்பதில்லை. கூடாது என்று முடித்துவிடுகிறார். பெண்கள் விடுதிகளில் மாலையிலேயே கதவடைக்கும் விதியை எதிர்த்து 2015-இல் தில்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது 'கூண்டை உடை', என்னும் இயக்கம் தொடங்கினர். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று நூலகத்தில் இரவு வரை இருந்து படிக்கும் உரிமை, கொண்டாட்டத்துக்கான அனுமதியன்று. நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் சென்ற மாதம் இதே காரணத்தைச் சொல்லி, இரு தோழியரோடு வீடு எடுக்க அனுமதி வேண்டினாள். அவர் என்னிடம் வந்தார். மருமகனுக்குச் சொன்ன அதே கணக்கையும் அதே படிகளையும் சொன்னேன். ஒன்றை மட்டும் கூட்டினேன்: "மெட்ரோ நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு இரவு ஒன்பதரை மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள், அண்ணாச்சி."

தில்லி சென்று நடந்து பார்த்தார். முதல் வீட்டுத் தெருவில் விளக்கில்லை என்று விட்டுவிட்டார். இரண்டாம் வீட்டுக்கு இருமுறை நடந்தார். தெருமுனையில் மருந்துக் கடை பதினொரு மணி வரை திறந்திருக்கிறதாம். முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மாவரைக்கும் கிரைண்டரை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இப்போது அவ்வீட்டில் விவாதம். படுக்கை வசதிப் பெட்டியில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்றும், மிஞ்சினால் பார்சல் அலுவலகத்துக்கு முந்தின நாளே வரும்படியும் சொல்லியிருக்கிறேன்.