பூட்டாக்கப்பட்ட மனிதர்கள்

தில்லி மாயாபுரியில் சிறு பட்டறைத் தொழிலாளர்களின் வேலைநேரம் குறித்துக் கள ஆய்வு செய்துவருகிறேன். ஓர் இரவு, வண்டிப் பட்டறை உரிமையாளர் ஒருவர் ஷட்டரை இறக்கி, இருபுறமும் பூட்டி, சாவியுடன் வீட்டுக்குப் புறப்பட்டார். உள்ளே பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். "அவன் படுத்திருந்தால் திருடன் வரமாட்டான்" என்றார்.

அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய மாதம்தான் கூரைத் தகட்டின் நட்டுகளைக் கழற்றி இறங்கியவர்கள் கிரைண்டர், டிரில், செப்புக் கம்பிச் சுருள்கள் அனைத்தையும் கொண்டுபோயிருந்தார்கள். காப்பீடும் கைகொடுக்கவில்லை. வன்முறையாக உடைத்து நுழைந்திருந்தால்தான் இழப்பீடு என்பது களவுக் காப்பீடுகளில் வழக்கமான நிபந்தனை. 2004இல் உச்ச நீதிமன்றமும் அவ்வாசகத்தை அப்படியே பொருள்கொண்டது. எஞ்சிய மலிவான பூட்டு, அந்தப் பையன்.

2019 டிசம்பர் 8 அதிகாலை, இதே நகரின் அனாஜ் மண்டியில் ஒரு கட்டடம் தீப்பற்றியபோது, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 43 பேர் மாண்டனர். பெரும்பாலோர் புகையில் மூச்சுத்திணறியே இறந்தனர். பெட்ரோலும் தின்னரும் கிடக்கும் பட்டறையில் வெளிப்பூட்டு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சட்டமும் இங்கே எட்டாது. மின்விசை கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம்; 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதை இருபதாக்கியது. இங்கே வேலை செய்வோர் நால்வர்.

பொருளைக் காக்க வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் பக்கத்துப் பட்டறையின் வெல்டர் செய்து தரக்கூடியதே. தகட்டுக் கூரையின் நட்டுகள் வெளிப்புறத்தில் இருப்பதால் ஒரு ஸ்பேனர் போதும் திருடனுக்கு. தகட்டுக்குக் கீழே இரும்புக் கம்பிவலையைப் பற்றவைத்துவிட்டால் அவ்வழி அடைபடும். இரு ஓரங்களில் மட்டும் பூட்டிய ஷட்டர் நடுவில் ஜாக்கி வைத்தால் வளைந்துவிடும். தரைக் காங்கிரீட்டில் கொக்கி பதித்து நடுப்பூட்டும் போட வேண்டும். கிரைண்டரையும் கடப்பாரையையும் வெளியே விட்டுவைப்பது திருடனுக்கே கருவி கொடுப்பதாகும். அவற்றைத் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் வைக்கலாம். (கேமரா வாங்கியவர்களே அதிகம், அது திருட்டைப் படம் பிடிக்கும், அவ்வளவே.) யாரேனும் உள்ளே தங்கியே தீரவேண்டுமென்றால், உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் கதவு ஒன்று இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் உரிமையாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கம்பிவலையைத் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பையன் பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தான்.