புண்பட்ட நெஞ்சும் பூட்டிய கொட்டகையும்



தொழுது எழுந்தவன் கொலைக்குக் கிளம்புகிறான். மறைமொழி ஒலிக்க, துப்பாக்கி முழங்குகிறது. வெண்திரையில் மீண்டும் மீண்டும் இக்காட்சி வந்தால், கோவைக் கோட்டைமேட்டு முஸ்லிம் தோழனின் நெஞ்சம் நோகாதோ?

அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து மூண்ட வன்முறையில் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பறிபோயின. கொடுமை இழைத்தோர் சிலர். பழி சுமந்ததோ ஒரு சமுதாயம்! அந்தப் பழியைத் திரை புதுப்பிக்கும்போது அவன் குரலெழுப்புவது குற்றமன்று, உரிமை.

ஆனால், அக்குரல் எதைக் கேட்க வேண்டும்?

2013இல் கமலகாசனின் 'விஸ்வரூபம்' வெளிவர இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன; தடை கோரின. தணிக்கைச் சான்று பெற்ற படத்தை, சட்டம் ஒழுங்கின் பேரால் அன்றைய தமிழக அரசு பதினைந்து நாள் தடுத்தது. சனவரி 29இல் உயர்நீதிமன்ற நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே மேல் அமர்வு அதனை நிறுத்திவைத்தது. விளைவு என்ன? முஸ்லிம் எப்படிச் சித்திரிக்கப்படுகிறான் என்ற கேள்வி மறைந்தது. கலைஞனின் வாயைக் கட்டலாமா என்ற கேள்வியே நாடெங்கும் ஒலித்தது. புண்பட்டவன் குற்றவாளிக் கூண்டில் ஏறினான்!

பிப்ரவரி 2இல் இருதரப்பும் அமர்ந்து பேசின. சில இடங்களைத் திருத்த இணக்கம் கண்டன. 7ஆம் நாள் படம் வெளிவந்தது. தடையிருந்ததால்தான் இணக்கம் வந்தது என்பர் சிலர். தடைக்கு முன்பே படம் அமைப்புகளுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டதே! பேச்சுக்கான கதவு அன்றே திறந்திருந்தது.

இன்னொன்றும் எண்ணுங்கள். பூட்டுக்கு மதமில்லை, திறவுகோல் பெரும்பான்மையின் இடுப்பில் தொங்குகிறது. 2015 சனவரியில், இதே கொங்கு மண்ணில், 'மாதொருபாகன்' எழுதிய பெருமாள்முருகனை நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பணியவைத்தனர். அங்கும் சொல்லப்பட்டது அமைதி, ஒழுங்கு! 2016 சூலையில்தான் உயர்நீதிமன்றம் அவர் பேனாவை மீட்டுத் தந்தது. கிளர்ச்சி மூளுமென்ற அச்சம் கருத்தை அடக்கக் காரணமாகாது என்று, 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் 1989இலேயே உச்சநீதிமன்றம் உரைத்துவிட்டது. இன்று பிறர்மேல் கேட்கும் பூட்டு, நாளை சிறுபான்மையின் வாயிலேயே விழும்.

பின் எதுதான் வழி? 2022 அக்டோபரில் கோவைக் கோட்டை ஈசுவரன் கோயில் அருகே கார் வெடித்தது. சில நாட்களில் ஜமாத்தார் அக்கோயிலுக்கே சென்று நல்லிணக்கம் பேசினர். அவதூறுக்கு அதைவிட ஆணித்தரமான மறுப்பு ஏது?

ஆகவே தோழர்காள், முஸ்லிம் தோழன் பதாகை ஏந்தினால் பக்கத்தில் நில்லுங்கள். திரை சொன்ன பொய்யைத் தெருமுனை மேடையில் உடையுங்கள். அவன் கதையை அவனே சொல்லும் படமும் ஏடும் பெருகத் துணைபுரியுங்கள். பூட்டை மட்டும் கேளாதீர்!