பாவாடை நாடாவும் இஞ்ச் டேப்பும்

எங்கள் அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வாசலைத் தாண்டிப் போகும். நானும் தவறாமல் 14 கிலோமீட்டரும் நடப்பேன். உயரம் ஐந்தடி, எடை 52 கிலோ. "உனக்கென்னம்மா, கையும் காலும் குச்சி மாதிரி! சர்க்கரையெல்லாம் எங்களை மாதிரி குண்டுகளுக்குத்தான்" என்பார் என் மூத்த ஓரகத்தி.

ஆனால் பாவாடை நாடா மட்டும் வருஷா வருஷம் குட்டையாகிக்கொண்டே வந்தது. துவைத்துச் சுருங்கிவிட்டது என்று நாடாவின் மேல் பழியைப் போட்டேன்.

போன வருஷம் ஊருக்கு வந்த நர்ஸம்மா இஞ்ச் டேப்பால் அளந்தார். இடுப்பு 34, பின்பக்கம் 37. வகுத்தால் 0.92. பெண்களுக்கு 0.85-க்குள் இருக்க வேண்டுமாம். ரத்தத்தைச் சோதித்தால், சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நிற்கிறேன்! சர்க்கரையால் என் அம்மாவுக்குக் கால்விரலை எடுத்ததைப் பார்த்தவள் நான். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

எடை மெஷின் மொத்த கனத்தைத்தான் சொல்லும். கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, இருதயத்துக்கும் ஆபத்து. தொடையில் இருப்பது அவ்வளவு கெடுதல் செய்யாது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்களையே ஒப்பிட்டு எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2!

அளப்பது சுலபம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். வயிற்றை எக்காதீர்கள், யாரை ஏமாற்ற? பிறகு பின்பக்கம் அகன்ற இடத்தில் அளந்து, முதல் அளவை இரண்டாவதால் வகுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆனவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஓரகத்தியையும் அளந்தேன். இடுப்பு 36, பின்பக்கம் 43. கணக்கு 0.84தான்! அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பு மட்டுமே 80 சென்டிமீட்டரை, அதாவது 31½ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அவரையும் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மாதம் ஒரு கிரிவலம் போதாதென்று இப்போது தினமும் இருவரும் அரைமணி நடக்கிறோம். பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறு வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்வதை விட்டேன். ஆறு மாதத்தில் இடுப்பு 32½. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. இன்னும் ஓரங்குலம் பாக்கி. நீங்களும் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுங்களேன்!