குஞ்சுப் பெட்டிக்குள் பல்ப் எதற்கு?

மாரி தொடங்கப் போகிறது. எங்கள் ஊரில் வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சு கொடுப்பதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். வருடம் முடிவதற்குள் காசைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் போலும். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது என்று ஒரு நாள் குஞ்சுகள். பெட்டியோடு கையில் கொடுத்து, படம் எடுத்து, "மேலே ஒரு பல்பைப் போட்டு வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த கிழமை வகுப்பில் பிள்ளைகள் எங்களிடம் வந்து சொல்லும் கணக்கு வேறு. "ராவு ஏழு செத்துப் பெய்த்து." "எங்கட வீட்டில மிச்சம் மூணுதான்."

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்நூறு, ஆயிரம் என்று வளர்க்கும் பண்ணைக்காரர்களுக்கு அவர்களுடைய வழி இருக்கிறது, அதில் நாங்கள் தலையிடவில்லை. வீட்டில் பத்து, இருபது குஞ்சு வளர்ப்பவர்கள் பல்பை விட்டுவிட்டு ஹீட்டிங் பேடுக்கு மாற வேண்டும். நாரி நோவுக்கும் வயிற்று வலிக்கும் வைத்துக்கொள்ள பாமசியில் விற்கும், கரண்டில் சூடாகும் அதே பேட்தான்.

சிரிக்க வேண்டாம். பிற நாடுகளில் வீட்டுக் கோழி வளர்ப்பவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். நாங்களும் வீட்டில் மூன்று தொகுதி இப்படி வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

ஒரு தாய்க்கோழியைக் கவனித்துப் பாருங்கள். குஞ்சுகள் முற்றம் முழுக்க மேயும். கூதல் பட்டதும் ஓடி வந்து செட்டைக்குள் நுழையும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பவும் வெளியே போகும். தாய்க்கோழி முற்றத்தைச் சூடாக்குவதில்லை. அதன் உடம்பு 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. குஞ்சு அதில் முதுகை ஒட்டிக்கொண்டால் போதும். செட்டைக்குள் இருட்டு. இரவானால் அங்கேயே தூங்கிவிடும். பல்போ பெட்டிக்குள் இருக்கும் காற்று, உமி, தண்ணீர், தீன் எல்லாவற்றையும் சூடாக்குகிறது. குஞ்சு விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இரவு பகலாக வெளிச்சத்திலேயே நிற்கிறது.

ஒரு நாள் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே பிடித்து வைக்க முடியாது என்பது உண்மை. முதல் கிழமை அது ஒதுங்கும் இடத்தில் 32 முதல் 35 பாகை வரை வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை அளவில் குறைத்துக்கொண்டு போகலாம். நாலு முதல் ஆறு கிழமைக்குள் இறகு முளைத்து மூடிவிடும், அதற்குப் பிறகு எங்கள் காலநிலையில் எதுவுமே தேவையில்லை. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். எங்கள் கரையோரத்தின் கணக்கைத்தான் யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது நிழலிலேயே 33 பாகை இருக்கும். அந்தப் பகலில் காட்போட் பெட்டிக்குள் 100 வோட் பல்ப் எரிந்தால் குஞ்சு வேகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, செட்டையைத் தொங்கப்போட்டு மூலைகளில் ஒதுங்கி நிற்பது அதனால்தான். மார்கழி, தையில் மழை ராவில் 23 பாகைக்கு இறங்கினால், அதே பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரியும். ஒரே உயரத்தில் தொங்கும் ஒரு பல்பால் இரண்டையும் சமாளிக்க முடியாது. நடுச்சாமத்தில் எழும்பி பல்பை ஏற்றி இறக்க, நாள் முழுக்க வேலை செய்து களைத்த ஓர் உம்மாவால் முடியுமா?

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று சத்தமில்லாமல் வந்திருக்கிறது. பழைய குமிழ் பல்ப் வெளிச்சம் கொடுத்ததைவிடச் சூடு கொடுத்ததுதான் அதிகம். அது எடுக்கும் கரண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சூடாகவே போனது. இன்று கடைகளில் பெரும்பாலும் எல்ஈடி. 9 வோட் எல்ஈடியைக் கட்டித் தொங்கவிட்டால் பெட்டிக்குள் பகல் போல வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. 'வோம்' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அந்த வோம், வெளிச்சத்தின் நிறம் மட்டும்தான். "பல்பைப் போடுங்கோ" என்ற ஒரு வார்த்தையோடு குஞ்சைக் கொடுத்துவிட்டு, செத்தபின் "சரியாகப் பராமரிக்கவில்லை" என்று அந்தப் பெண்ணையே குறை சொல்வது எங்களுக்கு நியாயமாகத் தெரியவில்லை. சொன்னபடிதான் அவர் செய்தார்.

அடுத்து பில். 60 வோட் குமிழ் பல்ப் இரவு பகலாக எரிந்தால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட். மூன்று கிழமைக்கு 30 யூனிட். 100 வோட் என்றால் 50 யூனிட். மாதம் 45 யூனிட் எரிக்கும் ஒரு வீட்டில் 30 கூடினால் 75. எங்கள் மின்கட்டண முறையில் 60ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் வேறு. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் ஏறியது. பிறகு கொஞ்சம் இறங்கியது, திரும்ப ஏறியது. இருபது குஞ்சுக்காக ஒரு மாத பில் அடுத்த படிக்கு ஏறினால், அந்தக் கோழி முட்டையிட்டு அதை எப்போது அடைப்பது? 40 வோட் பேடை இரவில் மட்டும் 12 மணித்தியாலம் போட்டால் மூன்று கிழமைக்கு 10 யூனிட். சூடு ஏறியதும் தானே நின்று பிடிப்பதால் உண்மையில் அதிலும் குறையும்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 100 வோட் பல்பின் கண்ணாடி கொதிதண்ணீரை விடச் சூடானது. அதைக் கயிற்றிலோ வயரிலோ கட்டி, கீழே உமியும் பக்கத்தில் காட்போட்டும் சாக்கும் வைத்து, கிடுகு வேய்ந்த குசினி மூலையில் விட்டுவிட்டுத் தூங்குகிறோம். குஞ்சு பறந்து மோதினாலும் பூனை பாய்ந்தாலும் பல்ப் உமிக்குள். தண்ணீர் தெறித்தால் வெடிக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெட்டியோடு குசினிச் சுவரும் கருகியது. சுபஹுக்கு எழும்பியவர் கண்டதால் வீடு தப்பியது.

பேடிலும் ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அது மனிதர்களுக்காகச் செய்த சாமான். பார்க்க ஆளில்லாமல் விட வேண்டாம் என்று அதன் தாளிலேயே எழுதியிருப்பார்கள். ஆகவே ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்யாத வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். பேடை மடித்து வைக்கக் கூடாது, நனைய விடக் கூடாது, வயர் குஞ்சுக்கு எட்டக் கூடாது. ஆனாலும் கையை வைத்துப் பார்க்கக்கூடிய சூட்டுக்கும், தொட்டால் தோல் உரியும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரவு முழுக்க வெளிச்சத்தில் இருக்கும் குஞ்சு சரியாகத் தூங்காது, ஒன்றையொன்று கொத்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இறைச்சிக் கோழிகளுக்குக் கொண்டுவந்த விதியில், முதல் கிழமைக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில் குறைந்தது 6 மணித்தியாலம் இருட்டு வேண்டும், அதில் 4 மணித்தியாலமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் இடத்துக்கே இருட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளிடம் குஞ்சுக் கூடு ஒன்று வரையச் சொன்னால் நடுவில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அதற்குக் கதிரும் போட்டுத்தான் வரைகிறார்கள். பல்ப் இல்லாத கூடு அவர்கள் மனதில் கூடே இல்லை. (பல்புக்கு ஒரு நன்மை உண்டு. மழை விட்ட ராவில் ஈசல் வந்து விழும், குஞ்சுக்கு விருந்து. அதற்கு வாசல் லைட் போதும்.)

செய்யும் முறை இதுதான். பழைய பிரிட்ஜின் கம்பித் தட்டு ஒன்று, அல்லது வளையாத கம்பி வலை. ஓர் அடி அகலம், இரண்டடி நீளமான பேட் என்றால் ஆரம்பத்தில் 15, 20 குஞ்சுக்குப் போதும். பேடை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, தலையணை உறைக்குள் போட்டு, தட்டின் கீழ்ப்பக்கம் தட்டையாகக் கட்டுங்கள். குஞ்சின் முதுகு அதில் படவேண்டும், அதுதான் முழு விஷயமும். தட்டைக் கட்டைகளின் மேல் வைக்கும்போது பின்பக்கம் தாழ்வாக இரண்டு அங்குலம், முன்பக்கம் நாலு அங்குலம். சின்னது பின்னுக்குப் போகும், வளர்ந்தது முன்னுக்கு நிற்கும். மேலே ஒரு பழைய துவாய். கிழமைக்கு ஒருமுறை கட்டையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கீழே உமி போடுங்கள். பத்திரிகைத் தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி அகன்றுவிடும். தீனும் தண்ணீரும் பேடுக்கு வெளியே. தண்ணீர்த் தட்டுக்குள் நாலு கூழாங்கல் போட்டால் குஞ்சு விழுந்து நனையாது. பேடை விடியற்காலையில் நிறுத்தி மஃரிபோடு போடலாம். முதல் சில நாட்களும் அடைமழை நாளும் மட்டும் பகலிலும் வேண்டும். முதல் நாள் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டுப் பழக்க வேண்டும். அன்று மாலைக்குள் தாங்களே போகும்.

பழகாதவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பல்பின் கீழ் குஞ்சு கண்ணுக்குத் தெரியும். பேடின் கீழ் தெரியாது. உயிரோடு இருக்கிறதா என்று துவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்கத் தோன்றும். காதைக் கொடுங்கள். மெதுவாகக் குறுகுறுக்கும் சத்தம் என்றால் சுகம். கீச்சென்று விடாமல் கத்தினால் ஒன்று கூதல், அல்லது பசி, அல்லது ஏதோ ஒன்று வழி தெரியாமல் வெளியே நிற்கிறது.

வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். சில பேட் இரண்டு மணித்தியாலத்தில் தானாக நின்றுவிடும். அது குஞ்சுக்கு உதவாது. சிலது கரண்ட் போய் வந்தால் பொத்தானைத் திரும்ப அழுத்தும்வரை உயிர்க்காது. தள்ளும் சுவிட்ச் உள்ள சாதாரணப் பேட்தான் நல்லது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதற்கு அமைச்சர் சொன்ன காரணம், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு. ஆகவே இது நியாயமான கேள்வி. பல்ப் அணைந்தால் சூடு அந்த நிமிடமே போய்விடும், குஞ்சு இருட்டில் பயந்து ஒரு மூலையில் குவியும், அடியில் அகப்பட்டது சாகும். பேடின் கீழ் இருப்பது ஏற்கெனவே இருட்டில் துணிக்கு அடியில் இருக்கிறது. அதன் சொந்தச் சூடே கொஞ்ச நேரம் அங்கே தங்கும். அதற்குள் இரண்டு சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றி உள்ளே தள்ளிவிடலாம். ஆறியதும் மாற்ற வேண்டும்.

அடைக்குக் கிடக்கும் ஊர்க்கோழி ஒன்று வீட்டில் இருந்தால் பேடும் வேண்டாம். ராவில் மெதுவாகச் செட்டைக்குள் குஞ்சுகளைத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கொடுக்கப்படும் குஞ்சுகள் முட்டைக்கென்று கலந்த இனம், அவை வளர்ந்தாலும் அடை கிடப்பது அரிது. அதனால்தான் இவ்வளவு கதையும்.

பேடின் விலை பல்பை விடக் கூட என்பது சரியான எதிர்வாதம். ஆனால் ஒரு தொகுதிக்கு அது மூன்று, நாலு கிழமைதான் தேவை. அயலில் நாலு வீடு சேர்ந்தால் ஒன்று போதும். கொடுப்பவர்களிடம் எங்கள் கோரிக்கையும் இதுதான்: இருபது குஞ்சுக்குப் பதில் பதினைந்து கொடுங்கள், மிச்சக் காசில் ஐந்து வீட்டுக்கு ஒரு பேட் வாங்கிக் கொடுத்து, வெவ்வேறு மாதத்தில் குஞ்சு இறக்குங்கள். இல்லாவிட்டால் ஐந்து கிழமை வளர்ந்த குஞ்சாகவே கொடுங்கள். கொடுத்த நாளில் எண்ணுவதோடு நிற்காமல், எட்டாவது கிழமை அதே வீட்டுக்கு வந்து இன்னொருமுறை எண்ணுங்கள். அந்த எண்ணையும் அறிக்கையில் போடுங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் இப்போது பன்னிரண்டு நிற்கிறது, பத்து நாள் வயது. தட்டைக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அசருக்குப் பிறகு வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு வந்தால் துவாயைத் தூக்க விடமாட்டோம், தூங்கிக்கொண்டிருக்கும்.