தண்ணீர் குடிக்கச் சொன்னால் போதுமா?

கோடை வந்ததும் அறிவுரையும் வந்துவிடுகிறது: தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள். நல்ல அறிவுரைதான். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் பெண் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்?

அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மேலே அடிக்கும் வெயில் பாத்தியின் வெள்ளை உப்பில் பட்டு முகத்திலும் அடிக்கிறது. கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம். அதை ஈடுகட்டக் குடிக்க வேண்டியவர், கழிப்பறை இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொள்கிறார். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் இப்படித்தான் வருகின்றன. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடே குறைந்திருந்தது.

இது உப்பளத்துக்கு மட்டும் நேர்வதல்ல. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் சிச்சிகல்பா பகுதியில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளம் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கொளுத்தும் வெயிலில் ஓய்வில்லாத உழைப்பே முதன்மைக் காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. தண்ணீரோடு நிழலும் கொடுத்து, ஓய்வு நேரத்தையும் கூட்டிய பிறகே பாதிப்பு குறைந்தது. தண்ணீரை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனைக்கு உட்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். வியர்வையில் உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் குடித்து வேலைக்குப் போன நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் குடிநீரையும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. உப்பளமும் தொழிற்சாலையே என்று உச்ச நீதிமன்றம் 1961-இலேயே தீர்ப்பளித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கழிப்பறை கேட்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் வழங்க முடிவெடுத்தது. பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால், பல கோடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் சிறுநீரகம் இந்தக் கணக்கில் வராது. உப்பளம்தோறும் கழிப்பறையும் நிழற்கூரையும் இருக்கின்றனவா என்று தொழிற்சாலை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். செய்த வேலைக்கேற்பக் கூலி வாங்குபவருக்கு ஓய்வு என்றால் கூலி இழப்பு. ஆகவே ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை அரசாணையாகவே போட்டாக வேண்டும்.