ஜானவாசக் காருக்கு மேலே டிரோன்! ஜாக்கிரதை!

முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம். மணி ஆறரை. நாதஸ்வரம் முன்னே போகிறது. பூ ஜோடித்த திறந்த காரில் மாப்பிள்ளை கோட்டு சூட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பெண்கள், குழந்தைகள், ஐஸ்கிரீம் வண்டி. தலைக்கு மேலே வண்டு பறப்பது போல ஒரு சத்தம். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

டிரோன்!

ஓட்டுகிறவர் யார்? டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டூடியோ வாலிபர். மடியில் ரிமோட். ஆனால் அவர் கை ரிமோட்டில் இல்லை. ஒரு கையில் லட்டு, இன்னொரு கையில் காபி டம்ளர்.

"தம்பி, யாருப்பா ஓட்டறது?" என்று பெண்ணின் சித்தப்பா கேட்கிறார்.

"அதுவே வரும் சார். ஆப்புல போட்டுட்டேன்" என்று பதில் வருகிறது.

சென்னையில் இன்று பல கல்யாணங்களில் இதுதான் காட்சி. "அதுவே வரும்" என்ற அந்த இரண்டு வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது.

டிரோனை வாங்கும்போது கம்பெனிக்காரன் ஒரு ஆப் தருகிறான். அது போதாது என்று வேறு ஆட்கள் தயாரித்த ஆப்பையும் காசு கொடுத்து வாங்கி போனில் போட்டுக் கொள்கிறார்கள். 'லிட்சி' என்பது இதில் பேர்போனது. அதில் பல வித்தைகள் உண்டு. மேப்பில் புள்ளி வைத்தால் புள்ளி புள்ளியாகப் போய் வரும். ஒரு இடத்தைச் சுற்றச் சொன்னால் கோயில் பிரதட்சிணம் போலச் சுற்றும். "என்னைத் தொடர்ந்து வா" என்றால் நாய்க்குட்டி போலப் பின்னாலேயே வரும்.

நல்ல வித்தைதான். கையால் ஓட்டி எடுத்தால் ஆடுகிற படம், இதில் ஆடாமல் வரும். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நாய்க்குட்டிக்குக் கண் உண்டு. இதற்கு?

ஒயர் தெரியாது!

பின்தொடரும் வித்தையில் பல சமயம் டிரோன் மாப்பிள்ளையைப் பார்த்து வருவதில்லை. ஸ்டூடியோ வாலிபரின் போன் எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். சொல்கிறதே, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. போன் ஜி.பி.எஸ். திறந்த மைதானத்திலேயே சில மீட்டர் பிசகும். இரண்டு பக்கமும் நாலு மாடிக் கட்டடம் உள்ள தெருவில் இன்னும் அதிகமாகப் பிசகும். கார் நடுத்தெருவில் போகும். டிரோன் நடைபாதை மரத்துக்கு மேலே போகும்.

"எதிரே தடை இருந்தால் தானே நின்று விடுமே" என்பார்கள். உண்மைதான், சுவராக இருந்தால் நிற்கும். மின்வாரிய ஒயர், கேபிள் டி.வி. ஒயர் போன்ற மெல்லிய சமாசாரம் அதன் கண்ணுக்குத் தெரியாது என்று கம்பெனிக்காரனே புத்தகத்தில் எழுதித் தந்திருக்கிறான். பெரும்பாலான சின்ன டிரோன்களில் அந்தக் கண் என்பது கேமராதான். வெளிச்சம் குறைந்தால் அதற்கும் மாலைக்கண். ஜானவாசம் எப்போது நடக்கிறது? விளக்கு வைக்கிற நேரத்தில்!

இன்னொன்று. எல்லா டிரோனுக்கும் எல்லாப் பக்கமும் கண் கிடையாது. விலை குறைந்த ரகங்களில் முன்பக்கம், கீழ்ப்பக்கம் என்று ஒன்றிரண்டு பக்கம்தான் பார்க்கும். சிலதில் முன்பக்கமும் கிடையாது. வட்டமடிக்கும் வித்தையில் டிரோன் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்கிறது. பார்க்கிறது ஒரு பக்கம், போகிறது இன்னொரு பக்கம். மண்டப வாசலில் தென்னை மரம் இருந்தால் அதோடு சரி.

விழுந்தால் என்ன ஆகும்? 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்று தடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். காற்றுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் கீழே நிற்பது யார்? ஊர்வலம் பார்க்க வந்த குழந்தைகள். மேலே போனது 700 கிராம் டிரோன் என்றால், அரை கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு படிக்கல் வந்து விழுவதற்குச் சமம். அதில் நாலு விசிறி வேறு சுற்றிக் கொண்டிருக்கும்.

மாடிக் கணக்கும் தெருக் கணக்கும்

புள்ளி வைத்து அனுப்பும் வித்தையில் வாலிபர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆப்பில் "உயரம் 10 மீட்டர்" என்று போட்டால் அது தரையிலிருந்து 10 மீட்டர் அல்ல. டிரோன் எந்த இடத்திலிருந்து கிளம்பியதோ, அந்த இடத்திலிருந்து 10 மீட்டர்.

முதல் நாள் மண்டபத்து மொட்டை மாடியில் நின்று பார்க்கிறார்கள். மாடி 12 மீட்டர். அதற்கு மேல் 10. ஆக, தெருவிலிருந்து 22 மீட்டர். எதிர்வீட்டு அடுக்குமாடி 18 மீட்டர்தான். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தாராளமாகப் போகிறது. சபாஷ் என்று அதையே சேமித்து வைக்கிறார்கள்.

மறுநாள் மாடியில் பந்திக்கு இலை போட்டிருக்கிறது. இடமில்லை. "சரி, தெருவிலிருந்து விடு" என்கிறார்கள். அதே பாதை, அதே 10 மீட்டர். இந்தத் தடவை அது தெருவிலிருந்து 10 மீட்டர். நேரே எதிர்வீட்டு மூன்றாம் மாடி ஜன்னலுக்குத்தான் போகும். ஆப் மீது தப்பில்லை. சொன்னதைச் செய்தது.

சில ஆப்களில் தரைமட்டம் பார்த்து உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அந்தக் கணக்கு மண்ணின் மேடு பள்ளத்துக்குத்தான். அதன் மேல் கட்டிய வீட்டையும் செல்போன் டவரையும் அதில் பார்க்க முடியாது.

வீடு திரும்பும் பட்டனிலும் இதே வினை. அதை அமுக்கினால் டிரோன் முதலில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறும், பிறகு கோடு போட்டது மாதிரி நேராகக் கிளம்பின இடத்துக்கு வரும். அந்த உயரம் 30 மீட்டர் என்று இருக்க, நடுவில் 45 மீட்டர் கட்டடம் நின்றால்? ஒவ்வொரு இடத்திலும் அக்கம்பக்கத்தில் உயரமானது எது என்று அண்ணாந்து பார்த்து அதை மாற்ற வேண்டும். யார் மாற்றுகிறார்கள்? ஜி.பி.எஸ். சரியாகப் பிடிப்பதற்கு முன்பே அவசரத்தில் கிளப்பி விட்டால் அதற்கு வீடு எது என்பதே தெரியாது. அது தனிக் கூத்து.

போன் அடித்தால்?

ஸ்டூடியோ வாலிபர்கள் பலருக்கே தெரியாத விஷயம் இது. ஒரே ஆப்தான். ஆனால் டிரோனுக்கு டிரோன் அது வேலை செய்யும் விதம் வேறு.

பாண்டம் 4, மேவிக் 2 போன்ற பழைய ரகங்களில் பாதை முழுவதும் டிரோனின் ஞாபகத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு போன் செத்தாலும், சிக்னல் அறுந்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

மினி 2, ஏர் 2எஸ் போன்ற ரகங்களில் அப்படி இல்லை. போன்தான் ஓட்டுகிறது. "இடது பக்கம் போ, வலது பக்கம் போ" என்று விநாடிக்கு விநாடி போன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் பாதை அதோடு நின்று, டிரோன் வீடு திரும்பப் பார்க்கும். எந்த உயரத்தில்? மேலே சொன்ன அதே உயரத்தில்!

ஓடும்போது சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்து, ஆப் பின்னால் போய்விட்டால்? போனை விமான மோடில் போட்டுவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும். மேப் தேவை என்றால் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம். கம்பெனி ஆப் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, வேற்று ஆப்பையும் திறந்தால் இரண்டும் ஒரே டிரோனுக்குச் சண்டை போடும். ஒன்றை அடியோடு மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். கடைக்காரர்கள் விற்கும்போது இதைச் சொல்லித் தந்தால் என்ன, வாய் வலிக்குமா?

நிறுத்தத் தெரியாமல் கிளப்பக் கூடாது. ரிமோட்டில் மோடு மாற்றும் சுவிட்ச் இருக்கிறது, நிறுத்தும் பட்டன் இருக்கிறது. தன் டிரோனில் எதைத் தொட்டால் ஆப் கையை விட்டு நம் கைக்கு வரும் என்பதைக் காலி மைதானத்தில் பத்துத் தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். போன் திரையில் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் ஒயர் வந்துவிடும். இரண்டு கட்டை விரலும் ரிமோட்டில். கண் வானத்தில். லட்டு பிறகு!

ஆப்பை நம்பியவர் கதை

2017 செப்டம்பர் 21. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். சாயங்காலம் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று ஸ்டேட்டன் ஐலண்ட் கடலோரமாகப் பறந்தது. திடீரென்று ஒரு பாண்டம் 4 டிரோன் வந்து மோதியது. விசிறி இறக்கையில் அடி. நல்லவேளை, பத்திரமாக இறங்கிவிட்டார்கள். ஹெலிகாப்டரில் சிக்கியிருந்த டிரோன் மோட்டாரை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த ஆள் இரண்டரை மைல் தள்ளி நின்றுகொண்டு, திரையைப் பார்த்து ஓட்டியிருக்கிறார். அன்றைக்கு அங்கே பறக்கத் தடை. அது அவருக்குத் தெரியாது. தடை இருந்தால் ஆப் சொல்லும் என்று நம்பியிருந்தார். அந்தச் சமயத்தில் ஆப்பில் அந்த எச்சரிக்கை வசதியே வேலை செய்யவில்லை! வீடு திரும்பும் பட்டனை அமுக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். பாட்டரி தீர்ந்து தண்ணீரில் விழுந்திருக்கும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். ஹெலிகாப்டரில் மோதியதே, விசாரணை அதிகாரிகள் தேடி வந்து கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

2025 ஜனவரி 9-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயின்போதும் இதே கதை. தீயணைக்கத் தண்ணீர் கொண்டுபோன விமானத்தின் இறக்கையில் ஒரு சின்ன டிரோன் மோதி ஓட்டை விழுந்தது. விமானம் சில நாள் தரையில் நின்றது. ஓட்டியவர் 2,500 மீட்டருக்கு அப்பால் அனுப்பி, கண்ணை விட்டு மறைந்த பிறகும் ஓட்டியிருக்கிறார். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே மாதத்தில்தான் அமெரிக்காவில் டி.ஜே.ஐ. கம்பெனி, தடை செய்த இடங்களில் டிரோனைக் கிளம்பவிடாமல் பூட்டும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, "எச்சரிக்கை மட்டும் தருவோம், பொறுப்பு உங்களுடையது" என்று சொல்லிவிட்டது.

சென்னைக்கு வருவோம். ஆலந்தூர், பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, வேளச்சேரி, கிண்டி. எல்லாம் மீனம்பாக்கத்துக்குப் பக்கம். தாம்பரத்தில் விமானப்படை வேறு. கல்யாண மண்டபங்கள் நிறைந்த ஏரியாக்கள் இவை. மத்திய அரசின் 2021 டிரோன் விதிப்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான் அனுமதி கேட்காமல் பறக்கலாம். அதற்கும் கிட்டே வந்தால் அனுமதி இல்லாமல் தூக்கவே கூடாது. எந்த இடம் பச்சை, எந்த இடம் சிவப்பு என்று அரசு மேப்பே போட்டிருக்கிறது. ஆப் கிளம்பவிட்டது என்பது அனுமதி ஆகாது!

250 கிராமுக்கு உட்பட்ட நானோ ரகத்துக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேலே போய்விட்டு, கூலிக்குப் படம் எடுத்தால் சான்றிதழ் வேண்டும், பதிவு எண் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். 249 கிராம் டிரோனை வாங்கி, பாதுகாப்புக்கு என்று விசிறிக்குக் கூண்டு மாட்டினால் எடை கூடி அடுத்த ரகத்துக்குப் போய்விடும். இது என்ன நியாயம் என்று ஸ்டூடியோக்காரர்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. அரசு இதைக் கவனிக்க வேண்டும். மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. ஒரு ஸ்டூடியோ வாலிபருக்கு அது எத்தனை கல்யாணத்துச் சம்பாத்தியம்!

சான்றிதழுக்கு 18 வயது ஆகியிருந்து, பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்துத் தேற வேண்டும். இந்தக் கட்டணம்தான் சின்ன ஸ்டூடியோக்களை மிரட்டுகிறது. டிரோனுக்கென்றே தமிழ்நாடு அரசு தனிக் கழகம் வைத்திருக்கிறது. விவசாயத்துக்கு மருந்து தெளிக்கும் டிரோன்களுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் இந்தக் கல்யாணப் படக்காரர்களுக்கும் காட்டி, குறைந்த கட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தக் கூடாதா?

போலீசார் இப்போது வி.ஐ.பி. வருகிற நாளில் மட்டும் டிரோனுக்குத் தடை போடுகிறார்கள். மற்ற நாளில் விழுந்து மண்டை உடைந்த பிறகுதான் ஸ்டேஷனில் கேஸ் ஆகிறது. மண்டப மேனேஜர்கள் பட்டாசுக்கும் பார்க்கிங்குக்கும் கண்டிஷன் போடுகிறார்களே, "பதிவு எண் காட்டினால்தான் டிரோன், ஜனங்களின் தலைக்கு மேலே ஆட்டோ கிடையாது" என்று அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்ப்பதற்கு என்ன செலவு?

பெண் வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆல்பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது "டிரோன் உண்டா?" என்று மட்டும் கேட்கிறார்கள். "எங்கிருந்து கிளப்புவே? எவ்வளவு உயரம்? இன்சூரன்ஸ் இருக்கா? நடுவிலே நிறுத்தணும்னா எதைத் தொடுவே?" இந்த நாலையும் கேட்டுப் பார்க்கட்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசாமி போனைத் தடவினால், அவருக்கு ஸ்டில் கேமராவை மட்டும் கொடுத்து மேடைப் பக்கம் அனுப்பிவிடலாம்.